மொட்டை மாடிச் சூட்டை எங்கே மறிப்பது?

மே மாதத்தில் மேல்மாடி வீட்டில் குடியிருப்பவர்களுக்கு உச்சிவெயிலைவிட இரவு ஒன்பது மணிதான் கொடுமை. வெளியே காற்று தணிந்திருக்கும். உள்ளே கூரை கொதிக்கும்.

நண்பகலில் ஒரு சதுர மீட்டர் தளத்தின்மேல் ஏறக்குறைய 1000 வாட் வெயில் விழுகிறது. ஐந்து அங்குலக் கான்கிரீட் அதில் பெரும்பங்கை உறிஞ்சி, மெதுவாகக் கீழே கடத்துகிறது. சூடு அடிப்பக்கம் வந்துசேரச் சில மணி நேரம் ஆகும். அதன்பின் கூரை முழுவதும் அகச்சிவப்புக் கதிர்களை நம் மேல் வீசத் தொடங்கும். கதிர்வீச்சு நம்மை வந்துசேரக் காற்றின் துணை தேவையில்லை. அதனால் மின்விசிறியை எவ்வளவு வேகமாக வைத்தாலும் அது நிற்காது.

வெப்பக்காப்பு என்பது பெரும்பாலும் சிறைப்பட்ட காற்றுதான். அசையாத காற்று வெப்பத்தை மிக மோசமாகக் கடத்தும். தெர்மோகோலில் சுமார் 98 சதவீதம் காற்று. 5 செ.மீ. தெர்மோகோல் தடுக்கும் அளவு வெப்பத்தைக் கான்கிரீட்டால் தடுக்க வேண்டுமென்றால், 2 மீட்டருக்கும் அதிகக் கனம் தேவை!

சரி, காப்பைத் தளத்துக்கு மேலே போடுவதா, கீழே போடுவதா? என் வாக்கு மேலேதான். மேலே போட்டால் கான்கிரீட்டே அவ்வளவாகச் சூடாவதில்லை. பகலில் விரிந்து இரவில் சுருங்கி வெடிப்பு விடுவதும் குறையும். முதலில் நீர்க்கசிவுத் தடுப்பு, அதன்மேல் தண்ணீரை அதிகம் உறிஞ்சாத எக்ஸ்பிஎஸ் என்ற கெட்டியான நுரைப் பலகை, அப்புறம் வாட்டம் விட்டு வெதரிங் கோர்ஸும் (வெயில், மழையைத் தாங்கும் மேலடுக்கு) தட்டோடும். பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்ட கனமான அடுக்கு ஓரளவு இந்த வேலையைத்தான் செய்தது.

வாடகை வீடென்றால் தளத்துக்குக் கீழே தொங்கவிடும் ஃபால்ஸ் சீலிங்தான் வழி. இரவில் சில மணி நேரம் மட்டும் ஏசி போடுபவர்களுக்கு அதில் ஒரு லாபமும் உண்டு: சூடேறிய கான்கிரீட்டைக் குளிர்விக்கும் வேலை ஏசிக்குப் பெருமளவு குறைகிறது. ஆனால் வெறும் தெர்மோகோலை உள்ளே ஒட்டிவிடாதீர்கள். தீப்பிடித்தால் உருகிச் சொட்டும், கரும்புகை கக்கும். ஜிப்சம் பலகைக்கு மேல் கண்ணாடி இழைப் பஞ்சு வைப்பது பாதுகாப்பானது. அலுமினியத் தாள் போடுவதானால் காற்று இடைவெளி கட்டாயம் வேண்டும். பளபளப்பான பரப்பு கதிர்வீச்சைத்தான் தடுக்கும். இரண்டு பக்கமும் அணைத்து ஒட்டினால் வெப்பம் நேரடியாகக் கடந்துவிடும்.

இத்தனைக்கும் முன்னால், மாடிக்கு வெள்ளை அடித்துவிடுங்கள். மிகக் குறைந்த செலவில் வெயிலின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்ப அதுவே போதும். தூசி படிந்தால் பலன் குறையும் என்பதால், கோடை தொடங்கும்போது ஒருமுறை கழுவிவிட வேண்டும்.