மார்ஜின்: வைத்து விற்பதும் கையில் நிற்பதும்

மார்ஜின் என்பது, ஒரு பொருளை விற்ற விலையில் அதன் கிரயம் (அடக்கவிலை) போக விற்பவருக்கு மிஞ்சும் பங்கு. விற்ற விலையை நூறாக வைத்துத்தான் இதைக் கணக்கிட வேண்டும். கிரயத்தை நூறாக வைத்து, அதன் மேல் எவ்வளவு ஏற்றினோம் என்று பார்த்தால் அது மார்க்அப். கொழும்பின் பப், உணவக வணிகத்தில் இந்த இரண்டு சொற்களும் ஒன்றுக்குப் பதிலாக மற்றொன்றாகப் புழங்குகின்றன. பியர் விலை பிழையாகிப்போவது பெரும்பாலும் அங்கேதான். ஹோட்டல் கணக்கில் மார்ஜினை ஜீ.பி. (மொத்த இலாபம்) என்பார்கள், அதையே மறுபக்கமாகப் பார்த்து, விலையில் கிரயத்தின் பங்கை பெவரேஜ் கொஸ்ட் என்பார்கள். ஜீ.பி. 60 என்றால் கொஸ்ட் 40.

லத்தீனில் மார்கோ என்றால் ஓரம், விளிம்பு. பக்கத்தின் ஓரத்தில் எழுதாமல் விடும் இடத்துக்கு ஆங்கிலத்தில் மார்ஜின் என்ற பெயர் அதிலிருந்து வந்தது. பாடசாலைக் கொப்பியில் கோடு போட்டு விடுகிறோமே, அதே மார்ஜின். பிறகு இரண்டு அளவுகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளிக்கும், அங்கிருந்து கிரயத்துக்கும் விலைக்கும் இடைப்பட்ட தொகைக்கும் சொல் நகர்ந்தது. மார்க்அப்பில் வரும் மார்க் ஜெர்மானிய மொழிகளின் சொல். எல்லைக்குறி, அடையாளம் என்று பொருள். பொருளில் குறித்த விலையை உயர்த்திக் குறிப்பது மார்க்அப். மார்கோ, மார்க் இரண்டும் மூலத்தில் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை.

தமிழ் வியாபாரிகளுக்கு இந்தக் குழப்பம் இருந்ததில்லை. கொழும்புப் புறக்கோட்டைக் கடைகளில் "நூற்றுக்கு இருபது வைச்சு விக்கிறம்" என்றால் அது மார்க்அப். "ஒரு போத்தலில எவ்வளவு நிக்கும்?" என்று கேட்டால் அது மார்ஜின். வைப்பது கிரயத்தின் மேல், நிற்பது விலைக்குள். இரண்டு வினைச்சொற்களும் இரண்டு கணக்குகளைத் துல்லியமாகப் பிரித்து வைத்திருக்கின்றன.

கணக்கைப் பார்ப்போம். 625 மில்லிலீற்றர் பியர் போத்தல் ஒன்று, வற் (பெறுமதி சேர் வரி) நீக்கி 440 ரூபாய்க்கு வந்து சேருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பப்புக்கு 60% மார்ஜின் வேண்டும். கிரயத்தை 0.40 ஆல் வகுக்க வேண்டும்: 1,100 ரூபாய். அதில் 18% வற் சேர்த்தால் 1,298. இப்போது நிற்பது 660 ரூபாய். விலையில் 60%, ஆனால் கிரயத்தின் மேல் வைத்தது 150%. இதைத் தெரியாதவர் 440 இன் மேல் 60% கூட்டி 704 என்று விலை போடுவார். அதில் நிற்பது 264 ரூபாய், வெறும் 37.5%. வாடகை, சம்பளம், மின்சாரம் எல்லாம் 60 என்று நினைத்துத் திட்டமிட்டிருந்தால் அந்தப் பப் மாதக் கடைசியில் தடுமாறும். கணக்காளர் வந்து பார்க்கும் வரை காரணமும் பிடிபடாது.

இன்னொரு பிழை, வாடிக்கையாளர் கொடுத்த 1,298 ஐ முழு விலையாக எடுத்துக் கணக்குப் பார்ப்பது. அப்படிப் பார்த்தால் மார்ஜின் 66% போலத் தோன்றும். வற் அரசாங்கத்தின் காசு. பில்லில் சேரும் 10% சேவைக் கட்டணத்தையும் இந்தக் கணக்குக்குள் கொண்டுவரக் கூடாது. அது ஊழியர்களுக்குப் போக வேண்டியது.

பீப்பாய் பியரில் கிரயத்தைக் கண்டுபிடிப்பதே ஒரு வேலை. பிரித்தானியப் பப் சங்கிலிகளை எடுத்துக்கொள்வோம், கணக்கு அங்கே தெளிவாக இருக்கிறது. ஒரு பைன்ட் 568 மில்லிலீற்றர். 50 லீற்றர் பீப்பாயில் 88 பைன்ட். பீப்பாய் 132 பவுண் என்றால் பைன்ட் ஒன்று 1.50. அங்குள்ள 20% வற் உட்பட 4.50 க்கு விற்றால், வற் நீக்கி 3.75, மார்ஜின் 60%. ஆனால் 88 பைன்ட்டும் காசாகாது. நிலவறையிலிருந்து குழாய் வரை 15 மீற்றர் பைப் போனால், 9.5 மில்லிமீற்றர் உள்விட்டத்தில் அதற்குள் ஒரு லீற்றருக்கு மேல் பியர் நிற்கும், ஏறக்குறைய இரண்டு பைன்ட். வாரத்துக்கு ஒரு தடவை பைப்பைக் கழுவும்போது அது கொட்டப்படும். கழுவாமல் விட்டால் உள்ளே அழுக்குப் படிந்து, நுரை கூடி, அதைவிட அதிகம் வீணாகும். பீப்பாய் சூடானாலும் நுரைதான். 80 பைன்ட் மட்டும் விற்றால் கிரயம் 1.65 ஆகிவிடும், மார்ஜின் 56 க்கு இறங்கும். விலைப்பட்டியலில் ஒரு சதமும் மாறவில்லை. நாலு புள்ளி போய்விட்டது. ஸ்டொக் எண்ணும்போது வாங்கிய லீற்றரையும் விற்ற லீற்றரையும் ஒப்பிடாத பப்புக்கு இது தெரியவே வராது.

சங்கிலிகள் மலிவாக விற்க முடிவதற்குக் காரணம், தொகையாக வாங்கி அட்டவணை விலையில் கழிவு (தள்ளுபடி) பெறுவது. சில கழிவுகள் பில்லில் வராது, குறித்த அளவு வாங்கி முடித்த பிறகுதான் திரும்பி வரும். அதைச் சேர்க்காமல் கிரயம் பார்த்தால் மார்ஜின் குறைவாகத் தெரியும். வெதர்ஸ்பூன் போன்ற சங்கிலிகள் பைன்ட்டுக்குக் குறைவாக நின்றாலும் எண்ணிக்கையில் பிடித்துக்கொள்கின்றன. ஒரே சங்கிலிக்குள்ளும் கிளைக்குக் கிளை விலை வேறு. விமான நிலையக் கிளையின் விலையை ஊர்ப்புறக் கிளையில் எதிர்பார்க்க முடியாது.

நம்மூரில் மதுவரியை உற்பத்தியாளர் கட்டுகிறார், தூய மதுசாரத்தின் லீற்றர் அளவுக்கு. ஆகவே பப்புக்கு வரும்போது அது கிரயத்துக்குள்ளேயே ஒளிந்திருக்கும். வரியால் போத்தலுக்கு 40 ரூபாய் கூடினால், 60% மார்ஜினை அப்படியே காப்பாற்ற நினைக்கும் பப், 40 ஐ 0.40 ஆல் வகுத்து 100 ரூபாய் ஏற்றும், வற்றோடு 118. "வரி 40 தானே ஏறினது" என்று வாடிக்கையாளர் கோபப்படுவது நியாயம். நின்ற 660 ரூபாயை அப்படியே வைத்துக்கொண்டு 40 ஐ மட்டும் கடத்தினால், வற்றோடு 47 ரூபாய் 20 சதம்தான் கூடும். வீதம் இரண்டு புள்ளியளவில் குறையும், கையில் நிற்கும் காசு குறையாது. வழக்கமாக வரும் ஆட்களை இழக்க விரும்பாத பப் இதைத்தான் செய்ய வேண்டும்.

தமிழில் என்ன சொல்வது? "இலாப எல்லை" என்று சிலர் எழுதுகிறார்கள். விளிம்பு என்ற பொருளைப் பிடித்துக்கொண்டு செய்த மொழிபெயர்ப்பு அது. வாசிப்பவர் இலாபத்துக்கு விதித்த உச்சவரம்பு என்றே விளங்கிக்கொள்வார். "ஊதியம்" பழந்தமிழில் இலாபம்தான், இன்று சம்பளமாகிவிட்டது. மார்க்அப்புக்கு "விலையேற்றம்" என்றால் பத்திரிகைத் தலைப்பாகிவிடும். "வைப்பு" நல்ல சொல், ஆனால் வங்கிகள் எடுத்துக்கொண்டன. மார்க்அப்புக்கு "கிரய ஏற்றம்" பொருந்தும். கிரயம் நம் பாடநூல்களில் ஏற்கெனவே உள்ள சொல்; தமிழ்நாட்டு வாசகர்கள் அதைக் காணிப் பத்திரத்தோடு சேர்த்தே அறிவார்கள், அவர்களுக்கு "அடக்கவிலை ஏற்றம்" எனலாம். மார்ஜினுக்கு முறையான ஏட்டில் "மொத்த இலாப வீதம்". அன்றாடப் பேச்சில் "மிச்சம்" போதும்.

மிச்சத்தை வீதமாகச் சொல்கிறோமா, தொகையாகச் சொல்கிறோமா என்பதையும் பிரித்து எழுத வேண்டும். 900 ரூபாய்க்கு வரும் இறக்குமதி பியருக்கு 60% போட்டால், வற்றுக்கு முன்னரே 2,250 ரூபாய். போத்தல் குளிரூட்டியிலேயே கிடந்து காலாவதியாகும். வற்றுக்கு முன் 1,700 க்கு விற்றால் மிச்ச வீதம் 47 தான், மிச்சத் தொகை 800 ரூபாய், உள்ளூர் போத்தலைவிட 140 ரூபாய் கூட. போயா (பௌர்ணமி) நாட்களில் மது விற்பனையே இல்லை, வாடகை மட்டும் ஓடும். அதை அடைக்க வேண்டியது அந்தத் தொகைதான்.