பிஎஸ்க்யூஎல்லுக்குள் சூழல் மாறி: மேற்கோள்குறி பார்க்கும் வேலை

"கடையின் பெயரை ஷெல்லில் எக்ஸ்போர்ட் செய்கிறேன். எஸ்க்யூஎல் கோப்புக்குள் அதை எப்படி எடுப்பது?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

ஷெல்லில் எக்ஸ்போர்ட் செய்த மாறிகள்தான் சூழல் மாறிகள். அவற்றின் நகல் பிஎஸ்க்யூஎல்லுக்கு, அதாவது போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தோடு பேசும் கட்டளைவரி நிரலுக்கு, தானாகவே போய்விடும். ஆனால் எஸ்க்யூஎல்லில் முக்காற்புள்ளி போட்டு அழைப்பது பிஎஸ்க்யூஎல் தனியாக வைத்திருக்கும் மாறிகளை. சூழலிலிருந்து அங்கே கொண்டுவர 2022-இல் போஸ்ட்கிரெஸ் 15 தந்த கட்டளை \கெட்என்வ். முதலில் பிஎஸ்க்யூஎல் மாறியின் பெயர், அடுத்து சூழல் மாறியின் பெயர். சூழலில் அப்படி ஒன்று இல்லையென்றால் ஏற்கெனவே இருக்கும் மதிப்பைத் தொடாது. ஆகவே முந்தைய வரியில் \செட் (பிஎஸ்க்யூஎல் மாறிக்கு மதிப்பு வைக்கும் கட்டளை) போட்டுவைத்தால் அதுவே மாற்று மதிப்பு.

பிஎஸ்க்யூஎல் மாறிக்குத் தமிழிலேயே 'கடை' என்று பெயர் வைக்கலாம். பாஷ் என்ற ஷெல் இதை ஏற்காது. ஷெல் பக்கம் ஆங்கில எழுத்துதான்.

இனிதான் எனக்குப் பிடித்த இடம். கடையின் பெயர் "அம்மா'ஸ் கிச்சன்" என்று வைத்துக்கொள்வோம். வெறும் :கடை என்று எழுதினால் மதிப்பு அப்படியே எஸ்க்யூஎல்லில் கொட்டப்படும். நடுவிலுள்ள ஒற்றை மேற்கோள் ஒரு சரத்தைத் திறந்துவிடும், மூடுவதற்கு ஆளில்லை. நேரில் தட்டிக்கொண்டிருந்தால் ப்ராம்ப்ட்டிலும் ஒரு மேற்கோள் தோன்றும், பிஎஸ்க்யூஎல் அடுத்த வரிக்காகக் காத்திருக்கும். அந்த மதிப்பில் யாராவது டேபிளையே அழிக்கும் 'ட்ராப் டேபிள்' எழுதியிருந்தால் அதுவும் கட்டளையாகவே ஓடக்கூடும்.

:'கடை' என்று எழுதிப் பாருங்கள். உள்ளே இருக்கும் மேற்கோளை இரட்டித்து, இரு பக்கமும் மேற்கோள் போட்டு, 'அம்மா''ஸ் கிச்சன்' என்றுதான் சர்வருக்கு அனுப்பும். டேபிள், நெடுவரிசை (காலம்) பெயர்களுக்கு :"கடை" என்ற இரட்டை மேற்கோள் வடிவம். ஆனால் ':கடை' என்று முக்காற்புள்ளியை மேற்கோளுக்குள் தள்ளிவிட்டால் எதுவும் மாறாது, அது வெறும் எழுத்து.

இந்த வசதி தெரியாமல் மேற்கோளை மூன்று நான்காக அடுக்கிய ஸ்கிரிப்ட்கள் இன்னும் ஓடுகின்றன. ஏன் அடுக்கினார்கள் என்று யாருக்கும் தெரியாது, எடுக்கவும் பயம். பூனை குறுக்கே போனால் திரும்பி நடக்கிற கதைதான்.

கடவுச்சொல்லை மட்டும் சூழல் மாறியில் வைக்காதீர்கள். சில இயங்குதளங்களில் பிற பயனர்களும், ஓடும் நிரல்களைப் பட்டியலிடும் பிஎஸ் கட்டளையில் அதைப் பார்த்துவிடலாம். கடவுச்சொல்லுக்கென்று .பிஜிபாஸ் கோப்பு இருக்கிறது. லினக்ஸில் அதன் அனுமதி 0600-ஐவிட (உரிமையாளர் மட்டும் படிக்க, எழுத) தளர்ந்திருந்தால் கண்டுகொள்ளவே படாது.

இன்னொன்று: பிஎஸ்க்யூஎல்லை அழைக்கும் வரியிலேயே -சி கொடுத்து ஓட்டும் எஸ்க்யூஎல்லில் இந்த முக்காற்புள்ளி வேலை செய்யாது. கோப்பில் எழுதி -எஃப் கொடுங்கள்.