ஆடு கத்தினால் சோறு வைக்காதீர்கள்

இந்த மாதமும் ஓர் ஆடு போய்விட்டது. ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம், நான்கு மாதச் சினை. கோயில் அன்னதானத்தில் மிஞ்சிய சோற்றை ஒரு பேசின் நிறைய வைத்திருக்கிறார்கள். நான் போய்ச் சேரும்போது எழும்ப முடியாமல் படுத்துப் பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டிருந்தது. இடது விலாப்பள்ளத்தில் விரலை வைத்தால் பிசைந்த மாவில் அமுங்குவது போல உள்ளே போகிறது. புழுக்கை இல்லை. புளித்த வாடையோடு தண்ணீராகக் கழிச்சல், அதில் முழுசு முழுசாகச் சோற்றுப் பருக்கை.

"கத்திக்கிட்டே இருந்திச்சுங்க டொக்டர். பாவம், பசின்னு நெனச்சோம்."

ஒவ்வொரு முறையும் இதே பதில். கத்தினால் பசி என்று யார் சொன்னது? ஆடு கூட்டமாக வாழும் பிராணி. காலையில் எல்லாரும் கொழுந்தெடுக்க மலைக்குப் போனபின், லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடுகளுக்கு)ப் பின்னால் ஒற்றையாகக் கட்டிக்கிடக்கிற ஆடு கத்தத்தான் செய்யும். அது துணை தேடுகிறது. பருவத்துக்கு வந்த பெட்டை ஏறத்தாழ 21 நாளைக்கு ஒருமுறை, ஓரிரு நாள் வாலை ஆட்டிக்கொண்டே கத்தும். அதற்குக் கிடா வேண்டும். குட்டியைப் பிரித்தால் தாய் கத்தும். ஈனப்போகிற ஆடு ஒதுங்கி நின்று தரையைப் பிராண்டிக் கத்தும். வயிற்று வலிக்கும் கத்தும். இதில் எதற்குச் சோறு மருந்து? தழையைப் போட்டுப் பாருங்கள். அதைத் தின்னாமல் கத்தினால் அது பசியே இல்லை.

"வயிறு நிறைஞ்சா அதுவே நிறுத்திடும்" என்பார்கள். தழைக்குச் சரி. முள்முருங்கைக் கிளையைத் தொங்கவிட்டால் நுனியாகப் பார்த்துக் கிள்ளித் தின்னும். சோறு, பாண், மா கிடைத்தால் அந்த நிதானம் போய்விடும், உள்ளதையெல்லாம் விழுங்கிவிடும். வயிற்றுக்குள் அது புளித்து அமிலமாகி இரத்தத்திலும் ஏறும். ஒரு நாள், இரண்டு நாள், அவ்வளவுதான்.

ஆகவே கல்யாணம், திருவிழா, தீபாவளி என்றால் மிச்சச் சோற்றை ஆட்டுக்கு எட்டாமல் மூடி வையுங்கள். மறுநாள் ஆட்டை அவிழ்த்துவிடாதீர்கள். தின்றுவிட்டதா? விடியட்டும் என்று இருக்காமல் உடனே மிருக வைத்தியரைக் கூப்பிடுங்கள். போத்தலை வாயில் திணித்து எண்ணெய் ஊற்றாதீர்கள், அது நுரையீரலுக்குள் போனால் இன்னொரு நோய். என்ன தின்றது, எத்தனை மணிக்கு என்று மறைக்காமல் சொல்லுங்கள். யாரும் திட்டமாட்டோம்.

பொழுது சாய, ஆடு அசை போடுகிறதா என்று ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். தீனியும் எடுக்காமல் அசையும் போடாமல் நின்றால் ஏதோ கோளாறு.

அப்புறம், தயவுசெய்து ஒற்றை ஆடு வளர்க்காதீர்கள். இரண்டாவது வாங்க வசதியில்லை என்றால் பக்கத்து வீட்டு ஆட்டுக்கு அருகே கட்டுங்கள். கயிறு சிக்காத தூரத்தில், ஒன்றையொன்று பார்க்கிற மாதிரி.