மாலை போட்ட முதல் வாரம் மண்டைக்குள் என்ன நடக்கிறது?

கார்த்திகை பிறந்தால் மதுரை டீக்கடைகளில் கறுப்பு வேட்டிகள் கூடிவிடும். மாலை போடுகிறவர்களில் பலருக்குக் கறி, மீனை விடுவதில் சிரமமில்லை. சரக்கை விடுவதுதான் பெரும்பாடு. ஒரு மண்டலம், 48 நாள், சொட்டுக்கூடக் கிடையாது. வீட்டில் அழுதும் டாக்டர் அதட்டியும் நடக்காதது ஒரு துளசி மாலையால் நடக்கிறது என்பதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அந்த 48 நாளும் மனசு சீராகத் தெளிந்துகொண்டே வராது. முதலில் மோசமாகி, பிறகுதான் தேறும். "குடியை விட்டதிலிருந்து மனசு இன்னும் கெட்டுப்போச்சு" என்று ஐந்தாம் நாள் சொல்கிறவர் பொய் சொல்லவில்லை.

ஒரு குவாட்டர் என்பது 180 மில்லி. 42.8 சதவீதச் சரக்கு என்றால் அதில் சுத்த ஆல்கஹால் ஏறக்குறைய 60 கிராம். கல்லீரல் மணிக்கு 7 முதல் 10 கிராம் வரைதான் எரிக்கும். மோர், எலுமிச்சை, பச்சைத்தண்ணிக் குளியல் எதற்கும் அது வேகம் கூட்டாது. இரவு 9 மணிக்குக் குவாட்டரை முடித்தவரின் ரத்தத்தில் அது தீரும்போது விடிகாலை 4, 5 மணி ஆகியிருக்கும். மாட்டுத்தாவணியில் காய்கறி லாரி இறங்கும் அந்த நேரத்தில் அவருக்குத் திடுக்கென்று முழிப்புத் தட்டும். நெஞ்சு படபடக்கும். வட்டி, மகள் கல்யாணம், அண்ணனோடு என்றோ போட்ட சண்டை எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். கவலையால் தூக்கம் போச்சு என்று அவர் நினைக்கிறார். அதில் பெரும்பங்கு, போதை வடிந்ததால் பிறந்த கவலை.

மூளையில் நரம்புகளை அடக்கிவைக்கும் ரசாயனம் காபா. உசுப்பிவிடுவது குளூட்டமேட். ஆல்கஹால் காபாவின் வேலையைக் கூட்டி, குளூட்டமேட்டின் வேலையைக் குறைக்கிறது. இரண்டு ரவுண்டில் வரும் அந்த 'லேசான' உணர்வு இதுதான். தினமும் இப்படி நடந்தால் மூளை சும்மா இருக்காது. காபாவுக்குச் செவிசாய்க்கும் ஏற்பிகளை மந்தமாக்கும், குளூட்டமேட்டின் ஏற்பிகளைக் கூட்டும். வெளியிலிருந்து ஒருவர் கதவைத் தள்ளிக்கொண்டே இருக்க, உள்ளேயிருந்து நாமும் முழுப் பலத்தோடு தள்ளி நிற்கிறோம் என்று வையுங்கள். வெளியே இருந்தவர் சட்டென்று விலகினால் நாம் குப்புற விழுவோம். மாலை போட்ட முதல் நாள் நடப்பது அதுதான். அடக்க ஆளில்லை, உசுப்பல் மட்டும் உச்சத்தில் இருக்கிறது.

கடைசிக் குடிக்குப் பின் 6 மணி நேரத்திலிருந்து கை உதறல், வியர்வை, காரணமில்லாத பயம் தொடங்கும். வலிப்பு வருவதானால் பெரும்பாலும் முதல் இரண்டு நாளில் வரும். மூன்றாம் நாளை ஒட்டிச் சிலருக்கு டெலிரியம் ட்ரெமன்ஸ். சுவரில் பூச்சி ஊர்வது தெரியும், இல்லாத ஆளோடு பேச்சு நடக்கும், நாள் கிழமை தெரியாது, உடம்பு கொதிக்கும். விரத வீட்டில் இது வந்தால் "சாமி இறங்கிருச்சு", "ஏதோ குத்தமாயிருச்சு" என்று விபூதி போட்டு உட்கார வைப்பதும் உண்டு. அந்த நேரத்தில் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். சிகிச்சை இல்லாவிட்டால் உயிர் போகக்கூடிய நிலை அது.

டாஸ்மாக் கடை பகல் 12 மணிக்குத்தான் திறக்கும். அதற்கு முன்பே ஷட்டர் எதிரே நின்று, திறந்ததும் காசை நீட்டும்போது கையில் நோட்டு ஆடுகிற ஆளைப் பார்த்திருப்பீர்கள். ஒரு கட்டிங் உள்ளே போனதும் அந்தக் கை நின்றுவிடும். அவர் குருசாமியைப் பார்க்குமுன் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் பார்க்கலாம். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே யோசனை கேட்கலாம். டையஸிபாம், லோராசிபாம் போன்ற மருந்துகளைக் கொடுத்து, காபாவுக்குத் தற்காலிகமாக முட்டுக்கொடுத்து, நாளுக்கு நாள் குறைத்துக்கொண்டே வருவார்கள். அவையும் பழக்கமாகக்கூடியவை என்பதால் தானாக வாங்கிப் போடும் சமாச்சாரம் அல்ல.

இன்னொன்று. ஆள் துவண்டால் நம் ஊரில் முதலில் கேட்பது குளுக்கோஸ் பாட்டில். நெடுநாள் குடித்தவர் உடம்பில் பி1 வைட்டமின் வற்றியிருக்கும். குளுக்கோஸை எரிக்க அது வேண்டும். அதைக் கொடுக்காமல் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால் இருக்கிற கொஞ்சநஞ்ச பி1-ம் தீர்ந்து, கண் அசைவு கெட்டு, நடை தள்ளாடி, நினைவே நிரந்தரமாகக் குலையலாம். பி1-க்கு மருத்துவப் பெயர் தையமின். "தையமின் போட்டாச்சா?" என்று கூட இருப்பவர் கேட்டுவிடுவது நல்லது.

இந்த முதல் வாரத்தைத் தாண்டியவருக்கு என்ன கிடைக்கிறது? அமெரிக்காவின் சான்டியாகோவில் சிகிச்சைக்கு வந்த குடிநோயாளி ஆண்களை ஆராய்ந்து, மார்க் ஷக்கிட் குழு 1988-இல் ஒரு கணக்கு வெளியிட்டது. சேரும்போது 42 சதவீதம் பேருக்குக் கணிசமான மனச்சோர்வு இருந்தது. நான்கு வாரம் குடிக்காமல் இருந்தபின் அது 6 சதவீதம். 'மனசு சரியில்லை, அதனால் குடிக்கிறேன்' என்று நம்பியவர்களில் பெரும்பாலானோருக்கு மனசைக் கெடுத்ததே குடிதான் என்று தெரிந்தது.

அந்த நான்கு வாரமும் சுகமாக ஓடாது. போதை அமுக்கி வைத்திருந்த கனவுத் தூக்கம் அணை உடைத்தது போல வரும். குடிப்பதாகவே கனவு வந்து பதறி எழுவார்கள். குடி சுரக்கவைத்த டோபமின் என்ற ரசாயனம் தந்த சொகுசுக்குப் பழகிய மூளைக்கு அரவணைப் பாயசமும் பேரப்பிள்ளை சிரிப்பும் சப்பென்றிருக்கும். பகலில் எரிச்சல், கவனமின்மை. இவை வாரக்கணக்கில் தணியும், தூக்கம் மட்டும் சிலருக்கு மாதக்கணக்கில் இழுக்கும். ஆகவே பத்தாம் நாளில் 'இதனால் பலனில்லை' என்று தீர்ப்பு எழுதுவது அவசரம் என்பேன்.

மலையிறங்கி மாலையைக் கழற்றிய அன்றே பழைய அளவைக் குடிப்பவர்தான் எனக்குக் கவலை. 48 நாளில் தாங்கும் சக்தி குறைந்திருக்கும், அதே குவாட்டர் இரண்டு மடங்காக அடிக்கும். தவிர, கடுங்குடியை நிறுத்துவதும் தொடங்குவதுமாகத் திரும்பத் திரும்பச் செய்தவர்களுக்கு அடுத்தடுத்த நிறுத்தத்தில் வலிப்பு வரும் வாய்ப்பு கூடுகிறது. போன வருஷம் ஒன்றும் ஆகவில்லை என்பது இந்த வருஷத்துக்கு உத்தரவாதம் ஆகாது. கழற்றிய பிறகும் தொடர நினைப்பவருக்கு நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் போல ஏக்கத்தைத் தணிக்கும் மருந்துகள் உண்டு.

நான்கு வாரம் கழிந்தும் சோர்வு விலகாத அந்தச் சிலருக்கு, மனச்சோர்வு குடிக்கு முன்பே இருந்திருக்கலாம். அவர்களுக்கு அதைத் தனி நோயாகவே வைத்து மாத்திரையும் ஆலோசனையும் தர வேண்டும். "குடியை விட்டுட்ட, இனி என்ன குறை உனக்கு?" என்று வீட்டில் கேட்பதால் அது போகாது.