'ம்' கொட்ட ஆள் வேண்டும்

பாட்டி கதை சொல்லும்போது பேரன் 'ம்' கொட்டுவதை நிறுத்தினால் கதையும் நின்றுவிடும். பேச்சு அப்படித்தான் நடக்கிறது. சொல்பவர் பாதி, கேட்பவர் பாதி. 2009இல் 10 மொழிகளை ஒப்பிட்டு வந்த ஓர் ஆய்வில், கேள்வி முடிவதற்கும் பதில் தொடங்குவதற்கும் இடையே சராசரியாக ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரம்தான் ஆகிறது என்று தெரியவந்தது. நடுவில் கண் ஒரு முறை போனில் ஓடும் ரீல்ஸுக்குப் போய் வந்தாலே போதும், அந்த 'ம்' பிந்திவிடும். எதிரில் இருப்பவர் அதை உடனே உணர்ந்து, சொல்ல வந்ததில் பாதியை விழுங்கிவிடுவார்.

ஆலோசனைக்கு வரும் குடும்பங்களில் கணவர் எத்தனை மணி நேரம் போன் பார்க்கிறார் என்பது பெரும்பாலும் இரண்டாவது புகார்தான். முதல் புகார், "பக்கத்துலயேதாங்க உக்காந்திருக்காரு, சொன்னது எதுவும் காதுல ஏறல" என்பது. ஆகவே மணிக்கணக்கைக் குறைப்பதற்கு முன், பேச்சு அறுபடும் இடங்களைச் சரிசெய்வதே முதல் வேலை.

வேலையிடத்தை எடுத்துக்கொள்வோம். சேலம் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கொலுசுப் பட்டறையிலும் பக்கத்து இளம்பிள்ளை ஊரின் சேலைக் கடையிலும் இன்று டிசைன் போட்டோ, எடை, ஆர்டர் தேதி எல்லாம் வாட்ஸ்அப்பில்தான் போய் வருகின்றன. அதில் தவறில்லை. எண்கள் எழுத்தில் இருப்பதுதான் நல்லது. கோபமும் வருத்தமும் அதே வழியில் போகும்போதுதான் சிக்கல். "ஏன் இன்னும் முடியல?" என்று முதலாளி விவரம் கேட்டு அனுப்புகிறார். ராத்திரி பத்து மணிக்கு அதைப் படிக்கும் தொழிலாளிக்கு அது வசவு. மின்னஞ்சலில் எழுதியது கிண்டலா நிஜமா என்று படிப்பவர் கண்டுகொள்கிறாரா என 2005இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு சோதித்தது. 78 சதவீதம் புரிந்துவிடும் என்று எழுதியவர்கள் நம்பினார்கள். சரியாகப் புரிந்ததோ 56 சதவீதம். காசைச் சுண்டிப் பார்த்துச் சொன்னாலே 50 சதவீதம் சரியாக வரும்.

வாட்ஸ்அப் குழுவில் ஒருவரைக் கண்டிப்பது அதைவிட மோசம். தனி உரையாடலில், படித்துவிட்டதைக் காட்டும் நீல டிக்கை அணைத்துவைக்கலாம், குழுவில் முடியாது. யாரெல்லாம் பார்த்தார்கள் என்பது அனுப்பியவருக்குத் தெரியும். பார்த்தவர்கள் யாரும் தனக்காக ஒரு வார்த்தை பேசவில்லை என்பது திட்டு வாங்கியவருக்குத் தெரியும். மறுநாள் அவர் எல்லோரிடமும் முகம் கொடுத்துப் பேசாமல் இருப்பதற்கு இதுதான் காரணம். பிறகு அழித்தாலும் பயனில்லை, அழித்த அடையாளம் அங்கேயே நிற்கும்.

அளவு, எடை, தொகை, தேதி எழுத்தில் போகட்டும். தவறு, தாமதம், லீவு மறுப்பு, சம்பளம் ஆகியவற்றை நேரில் பேசுங்கள், முடியாவிட்டால் போனில் கூப்பிடுங்கள். மூன்று மெசேஜ் போய் வந்தும் தெளியவில்லை என்றால் நான்காவதை எழுதாமல் எழுந்து போய்ப் பேசுங்கள். முடிவானதை அதன் பிறகு இரண்டு வரியில் அனுப்புங்கள். முதலில் எழுதிவிட்டு அப்புறம் பேசினால், எதிரில் வருபவர் பதிலைத் தயார் செய்துகொண்டு சண்டைக்கே வருவார். ஏற்காட்டு காப்பித் தோட்டங்களில் சிக்னல் விட்டுவிட்டுக் கிடைக்கும் இடங்களில் இது இன்னும் முக்கியம். காலையில் ஆள் பிரிக்கும்போது மேஸ்திரி வாயால் சொன்னதுதான் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் போய்ச் சேரும்.

வீட்டில் அதிகம் பாதிக்கப்படுவது சின்னக் குழந்தை. 1970களில் எட்வர்ட் ட்ரோனிக் என்ற அமெரிக்க உளவியலாளர் ஒரு சோதனை செய்தார். சிரித்துப் பேசிக்கொண்டிருந்த தாய் சில நிமிடம் முகத்தில் அசைவே இல்லாமல் குழந்தையைப் பார்க்க வேண்டும். குழந்தை முதலில் சிரித்துக் கூப்பிடுகிறது, கையை நீட்டுகிறது, பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுகிறது. திரையில் மூழ்கிய முகமும் கிட்டத்தட்ட அப்படித்தான் இருக்கும். பால் கொடுக்கும்போதும் சோறு ஊட்டும்போதும் போனைக் கை எட்டாத இடத்தில் வையுங்கள். இரண்டு வயது ஆகும்வரை திரையே வேண்டாம், 2 முதல் 4 வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. வெளியூரில் இருக்கும் தாத்தா பாட்டியோடு வீடியோ காலில் பேசுவதை இதோடு சேர்த்துக் குழப்ப வேண்டாம். அங்கே பதில் சொல்ல ஒரு முகம் இருக்கிறது.

பெரியவர்களுக்கு: போனைக் கவிழ்த்து வைத்தால் போதும் என்று நினைக்கிறோம். எசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பக்கத்தில் போன் சும்மா இருந்தாலே மனம்விட்டுப் பேசும்போது நெருக்கம் குறைவதாகக் கண்டார்கள். பின்னர் வந்த எல்லா ஆய்வுகளும் இதை உறுதிசெய்யவில்லை. ஆனாலும் சார்ஜரைப் படுக்கையறையிலிருந்து ஹாலுக்கு மாற்றுவதில் நஷ்டம் எதுவும் இல்லை. எழுப்பிவிட ஒரு அலாரம் கடிகாரம் வாங்குங்கள். அது இல்லாவிட்டால் "அலாரத்துக்குத்தான்" என்று போன் மூன்றே நாளில் தலையணைக்குத் திரும்பிவிடும். குழுக்களை 'எப்போதும்' என்று மியூட் செய்துவிட்டு, அழைப்பு மணியை மட்டும் விட்டுவையுங்கள். பேச்சின் நடுவே பார்த்தே ஆகவேண்டிய மெசேஜ் வந்தால், "ஒரு நிமிஷம், கடையிலேர்ந்து" என்று சொல்லிவிட்டுப் பாருங்கள். சொல்லாமல் குனிவதுதான் புண்படுத்துகிறது.

தொடக்கத்தில் ராத்திரிச் சாப்பாட்டோடு 20 நிமிடம் போனை அலமாரியில் வைத்தால் போதும். விதி பிள்ளைகளுக்கு மட்டும் என்றால் ஒரு வாரம்கூடத் தாங்காது, அப்பாவின் போனும் அதே அலமாரிக்குப் போகவேண்டும். முதல் சில நாள் எல்லோரும் வாயைத் திறக்காமல் சாப்பிடுவார்கள். பயந்து நிறுத்திவிடாதீர்கள், பழக்கம் விட்டுப்போனதன் விளைவு அது. "ஸ்கூல் எப்படிடா?" என்றால் "நல்லாருக்கு" என்பதோடு முடிந்துவிடும். பூண்டு உரிக்கவோ கீரை ஆயவோ கூட உட்காரவைத்துப் பாருங்கள். வளர்ந்த பையனிடம் எதிரில் உட்கார்ந்து விசாரிப்பதைவிட, தட்டுவடை செட் சாப்பிட நடந்து போகும் வழியில் கேட்டால் பேச்சு வரும். கண்ணுக்குக் கண் பார்க்க வேண்டியதில்லை என்பதே அந்த வயதில் பெரிய நிம்மதி.

தூக்கம், சாப்பாடு, வேலை கெடும் அளவுக்குப் போனை விட முடியவில்லை என்றால், அல்லது வீட்டில் ஒருவர் யாரிடமும் பேசாமல் முழுக்க ஒதுங்கிவிட்டார் என்றால், இவை போதாது. மனநல மருத்துவரைப் பாருங்கள். நேரில் போகத் தயங்கினால் அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416ஐ எந்த நேரத்திலும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.