துணைச் சேவையகத்துக்குத் தனி அனுமதி ஏன்?

போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் எந்த மாற்றத்தையும் அட்டவணைக் கோப்புகளில் சேர்ப்பதற்கு முன், 'வால்' (WAL) எனப்படும் பதிவேட்டில் எழுதி வட்டில் உறுதிசெய்துகொள்கிறது. இயந்திரம் திடீரென நின்றுபோனால், அந்தப் பதிவேட்டை மறுபடி ஓட்டித் தரவை மீட்கலாம். அதே பதிவேட்டை முதன்மைச் சேவையகத்திலிருந்து வலையமைப்பின் வழியே துணைச் சேவையகம் எனப்படும் இன்னொரு இயந்திரத்துக்கு அனுப்பி, அங்கே இடைவிடாமல் ஓட்டச் செய்வதுதான் 2010-இல் 9.0 பதிப்புடன் வந்த நேரடி ரெப்ளிகேஷன்.

துணைச் சேவையகம் முதன்மைச் சேவையகத்தோடு ஏற்படுத்தும் இணைப்பு, ஒரு செயலி ஏற்படுத்தும் இணைப்பைப் போன்றதன்று. யார், எங்கிருந்து நுழையலாம் எனக் குறிக்கும் அனுமதிக் கோப்பில், தரவுத்தளப் பெயருக்கான இடத்தில் 'ஆல்' (all, அதாவது அனைத்தும்) என்று எழுதினாலும் ரெப்ளிகேஷனுக்கு அனுமதி கிடைக்காது. அதற்கு 'ரெப்ளிகேஷன்' என்று தனி வரி வேண்டும். புதிதாக அமைப்பவர்கள் அடிக்கடி தடுக்கி நிற்கும் இடம் இது. ஆயினும் இந்தக் கண்டிப்பு மிகச் சரியானது என்றே கருதுகிறேன், ஏனெனில் இந்த உரிமை பெற்றவர் சேவையகத்தில் உள்ள எல்லாத் தரவுத்தளங்களையும் முழுமையாக நகலெடுத்துவிட முடியும். ஆகவே இதற்கென்று தனிப் பயனரை உருவாக்கி, துணைச் சேவையகத்தின் ஐபி முகவரியை மட்டும் அனுமதித்து, இணைப்பைக் குறியாக்கம் செய்வது அவசியம்.

முழு பேக்கப் எடுக்கும் கருவியும் இதே அனுமதியைத்தான் பயன்படுத்துகிறது. கோப்புகளை நகலெடுத்து முடிப்பதற்குள் தரவு மாறிக்கொண்டே இருக்கும் என்பதால், கோப்புகளுக்கு ஓர் இணைப்பும், அந்நேரத்தில் உருவாகும் பதிவேட்டுக்கு இன்னோர் இணைப்புமாக அது வழக்கமாக இரண்டைத் திறக்கிறது. ஒரு துணைச் சேவையகம் இயங்கும்போது பேக்கப்பும் நடந்தால் மொத்தம் 3 இணைப்புகள் தேவை. இயல்பான வரம்பு 10. அதை யாரேனும் 2 ஆகக் குறைத்திருந்தால் பேக்கப் தோல்வியடையும்.

துணைச் சேவையகம் துண்டிக்கப்பட்டிருக்கும்போது, 16 எம்பி அளவிலான பழைய பதிவேட்டுக் கோப்புகளை முதன்மைச் சேவையகம் அகற்றிவிடக்கூடும். இதைத் தடுக்கவே 9.4 பதிப்பில் 'ஸ்லாட்' வந்தது. துணைச் சேவையகம் எதுவரை பெற்றுள்ளது என்பதை நினைவில் வைத்து, மீதியை அது காத்து வைத்திருக்கும். ஆனால் துணைச் சேவையகம் திரும்பி வராவிட்டால் கோப்புகள் குவிந்து முதன்மைச் சேவையகத்தின் வட்டே நிரம்பி, சேவை நின்றுவிடும். 13-ஆம் பதிப்பிலிருந்து இதற்கு உச்சவரம்பு வைக்க முடிகிறது. இயல்பில் வரம்பு இல்லாததால், அதை நாமே குறிப்பிட வேண்டும்.

இவ்வளவு செய்தும், துணைச் சேவையகம் பேக்கப்புக்கு ஈடாகாது. தவறாக அழிக்கப்பட்ட அட்டவணை சில நொடிகளுக்குள் அங்கும் அழிந்துவிடும். அழிப்புக்கு முந்தைய நிலைக்குத் திரும்ப, முன்பே எடுத்த முழு பேக்கப்பும், அதன்பின் விடுபடாமல் சேமித்த பதிவேட்டுக் கோப்புகளும் வேறோரிடத்தில் இருக்க வேண்டும்.