கலைந்த சொற்களை அடுக்குவது மட்டும் வாக்கியப் பயிற்சி ஆகாது

தொடக்கப் பள்ளிகளில் ஆங்கில வாக்கிய அமைப்புக்கென்று பெரும்பாலும் தரப்படும் பயிற்சி, கலைத்துப் போட்ட சொற்களை ஒழுங்குபடுத்தி எழுதுவதுதான். நான்காம் வகுப்புப் பிள்ளைகள் இதில் முழு மதிப்பெண் வாங்கிவிடுகிறார்கள். அதே பிள்ளைகள் பேசத் தொடங்கினால் 'ஐ யெஸ்டர்டே மதுரை வென்ட்' என்கிறார்கள். இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. பெரிய எழுத்தில் தொடங்கும் சொல் முதலில் வரும், முற்றுப்புள்ளி ஒட்டிய சொல் கடைசியில் வரும் என்று தெரிந்துவிட்டால், நடுவில் மிஞ்சும் இரண்டு மூன்று சொற்களைப் பொருள் புரியாமலேயே அடுக்கிவிடலாம்.

தமிழில் யார் செய்தார், யாரைச் செய்தார் என்பதை வேற்றுமை உருபு காட்டிவிடுகிறது. 'பூனை நாயைத் துரத்தியது' என்றாலும் 'நாயைப் பூனை துரத்தியது' என்றாலும் ஓடியது நாய்தான். பழைய ஆங்கிலத்திலும் பெயர்ச்சொற்களுக்கு இத்தகைய விகுதிகள் இருந்தன. அவை தேய்ந்து மறைந்தபின், அந்த வேலையின் பெரும்பகுதியைச் சொல் நிற்கும் இடமே செய்ய வேண்டியதாயிற்று. வினைக்கு முன்னால் நிற்பவர் செய்பவர், பின்னால் நிற்பவர் செயலுக்கு உள்ளாகிறவர். இந்த ஒன்றை விதியாகச் சொல்லிக் கொடுப்பதைவிட, இடம் மாறினால் பொருளும் மாறுவதைப் பிள்ளைகள் கண்ணால் பார்க்கும்படி செய்வது நல்லது.

அதற்கு நான் பயன்படுத்துவது மூன்று அட்டைகள். ஒன்றில் 'தி கேட்', ஒன்றில் 'சேஸ்டு', மற்றொன்றில் 'தி டாக்'. இரண்டு பிள்ளைகள் பூனையாகவும் நாயாகவும் நிற்பார்கள். மற்றவர்கள் அட்டைகளை வரிசைப்படுத்திக் கரும்பலகையில் ஒட்டி உரக்கப் படித்ததும், அந்த வாக்கியம் சொல்கிறபடி ஒருவர் மற்றவரைத் துரத்த வேண்டும். அட்டைகளை இடம் மாற்றிய மறுகணமே நாய் துரத்தத் தொடங்கும். (வகுப்பில் இரைச்சல் கூடத்தான் செய்யும், பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.) இதற்கு 'ராம் ஏட் மேங்கோ' போன்ற வாக்கியங்கள் உதவாது. மாம்பழம் ராமனைத் தின்னாது என்பது எல்லோருக்கும் தெரியுமாதலால், வரிசையைக் கவனிக்க வேண்டிய தேவையே அங்கு எழுவதில்லை.

அட்டையில் 'தி' தனி, 'கேட்' தனி என்று பிரிக்காமல் சேர்த்தே எழுதுவதற்கும் காரணம் உண்டு. 'மேசையின் மேல்' என்பதில் பின்னால் வரும் 'மேல்', ஆங்கிலத்தில் 'ஆன் தி டேபிள்' என்று முன்னால் போய்விடுகிறது. இவற்றைச் சொல் சொல்லாகப் பிரித்துக் கொடுத்தால் பிள்ளைகள் தமிழ் வரிசைக்கே திரும்புவார்கள். ஒரே துண்டாகப் பழகினால் அந்தத் தடுமாற்றம் பெரிதும் குறைகிறது. 'டு மதுரை', 'யெஸ்டர்டே' என்ற துண்டுகளைப் பொறுத்தவரை, இடம் முதலில், காலம் கடைசியில் என்ற அளவில் இந்த வயதுக்குப் போதும்.

வினா வாக்கியத்துக்கும் அட்டைகளே கைகொடுக்கின்றன. 'யூ', 'ஆர்', 'ஈட்டிங்' என்ற அட்டைகளுடன் மூவர் நிற்க, 'வாட்' அட்டையுடன் நான்காமவர் வந்து முன்னால் நின்றதும், 'யூ'வும் 'ஆர்'உம் இடம் மாறிக்கொள்ள வேண்டும். 'வாட் யூ ஆர் ஈட்டிங்' என்ற வழக்கமான பிழை இங்குதான் பிடிபடுகிறது. 'டூ', 'டஸ்' சேர்க்கும் வினாக்களை இது நாவில் படிந்த பிறகே தொடங்குகிறேன். இரண்டையும் ஒரே வாரத்தில் கற்பித்தால் இரண்டும் குழம்பும்.

வீட்டில் பெற்றோர் செய்யக்கூடியதும் உண்டு. பிள்ளை வரிசை தவறிச் சொன்னால் 'தப்பு' என்று நிறுத்தாமல், 'ஓ, யூ வென்ட் டு மதுரை யெஸ்டர்டே?' என்று சரியான வரிசையில் திருப்பிக் கேட்டுவிட்டுப் பேச்சைத் தொடரலாம். கலைந்த சொற்பயிற்சியைக் கொடுத்தே ஆக வேண்டிய ஆசிரியர்கள், எல்லாச் சொற்களையும் சிறிய எழுத்தில் எழுதி, முற்றுப்புள்ளியை நீக்கி, நாயைப் பூனை துரத்தும் படம் ஒன்றையும் சேர்த்துக் கொடுக்கலாம்.